விசாரிப்பாரற்றவன்



வழக்கமாக இந்தப் பக்கத்தில் மிஷனரிமார், ஜெப வீரர்கள், எழுப்புதல் ஊழியர்கள் இவர்களுடைய ஜீவிய சரித்திரத்தைத்தான் வாசிப்பீர்கள். இந்த மாதம் நான் எழுதப் போவது ஒரு கொலைகாரனுடைய சரித்திரம். பம்பாய் நகரத்தையே நடுங்க வைத்த ராமன் ராகவ் என்பவனுடைய கதை. இதையெல்லாமா நம்ம பத்திரிகையில் எழுதுவது என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கும் தோணுச்சு. மூன்று மாதமாக உள்ளத்தில் ஒரு பாரம் இருந்ததினாலே எழுதுகிறேன். காரணத்தைக் கடைசியில் சொல்லுவேன். அதற்கு முன்னால் இவனுடைய கதையைப் பொறுமையாக வாசியுங்கள்.

இந்தப் பேரை எனக்கு முதன்முதலில் சொன்னவர் என் பெரியப்பா. 1960களில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புக்காக பம்பாய்க்கு ரயில் ஏறினவர் அவர். தாராவியில் ஒரு குடிசையில் எட்டுப் பேரோடு தங்கி, தோல் கிடங்கில் வேலை பார்த்தார். 1968 ஆகஸ்ட் மாசத்தில் அவர்கள் எட்டுப் பேரும் ராத்திரியில் முறை வைத்து, ஒருத்தர் கையில் தடியோடு முழித்திருக்க, மற்றவர்கள் தூங்குவார்களாம். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது சேட்டை பண்ணினால் அந்தக் கதையைச் சொல்லிப் பயமுறுத்துவார். கொலைகாரன் பிடிபட்ட செய்தியில் அவனுடைய வேறு பேர்களைக் கேட்டபோது மட்டும் தனக்கு வயிறு கலங்கிப்போனது என்பார். அது ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

பல பேர்கள் உள்ள மனுஷன்

ராமன் ராகவ் 1929-ஆம் ஆண்டு பிறந்தவன் என்று சொல்லப்படுகிறது. அவனுடைய பால்ய வயதைப் பற்றி நம்பத்தக்க விவரம் எதுவும் யாரிடமும் இல்லை. தகப்பன் எப்படிப்பட்டவர், தாய் எப்படி வளர்த்தாள், குடும்பத்தில் வேறு யாருக்காவது மனக்கோளாறு இருந்ததா என்று பிற்காலத்தில் டாக்டர்கள் துருவித் துருவிக் கேட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடப் படிப்பு ஏறக்குறைய இல்லை. சிறு வயது முதலே திருட்டுப் பழக்கம். கொள்ளைக் குற்றத்துக்காக ஐந்து வருஷம் சிறையில் இருந்திருக்கிறான். வீடு கிடையாது. தெருவிலும் காட்டோரத்திலும் படுத்துக் கிடந்தவன்.

அவனுக்குப் பேர் மட்டும் ஏராளமாக இருந்தது. போலீஸ் பதிவேடுகளில் ராமன் ராகவ் ஒரு பேர். சிந்தி தல்வாய் இன்னொரு பேர். அதோடு அண்ணா, தம்பி, வேலுசாமி என்றும் எழுதியிருந்தது. இந்தக் கடைசி மூன்றும் யாருடைய பாஷை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. என் பெரியப்பாவின் வயிறு கலங்கியதன் காரணமும் அதுதான். நம்ம வீட்டில் கூடப்பிறந்தவனைக் கூப்பிடுகிற வார்த்தைகள் ஒரு கொலைகாரனுடைய பேராக நின்றது. அண்ணா என்றோ தம்பி என்றோ யாரோ அவனை எங்கேயோ ஒரு தரம் கூப்பிட்டிருக்க வேண்டும். அது யார் என்று பதிவேட்டில் இல்லை.

கதவில்லாத வீடுகள்

1965, 1966 ஆகிய வருஷங்களில் பம்பாயின் கிழக்குப் புறநகரில், நம்ம ஜனங்கள் ஜி.ஐ.பி. லைன் என்று சொல்லும் ரயில் பாதையை ஒட்டி, ராத்திரி நேரத்தில் அடுத்தடுத்துத் தாக்குதல்கள் நடந்தன. கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே என்பது அதன் பழைய பேர். பிற்பாடு மத்திய ரயில்வே ஆனது. தாக்கப்பட்டவர்கள் நடைபாதையில் படுத்தவர்கள், குடிசைவாசிகள். தூக்கத்திலேயே கனமான ஆயுதத்தால் தலையில் அடிக்கப்பட்டவர்கள். 19 பேர் தாக்கப்பட்டதில் 9 பேர் இறந்துபோனார்கள்.

பிரியமானவர்களே, பகலெல்லாம் மூட்டை தூக்கி, கல் சுமந்து, ராத்திரி ஒரு கோணிச் சாக்கை விரித்துப் படுக்கிறவனுக்கு பூட்டுவதற்குக் கதவு ஏது? சாக்குத் துணிதான் கதவு. அந்த நகரத்தைக் கட்டினவர்களே அதில் கதவில்லாமல் தூங்கினார்கள். கொலைகாரன் வந்ததும் அவர்களிடத்துக்குத்தான். பெரிய மாளிகையில் ஒருத்தர் செத்திருந்தால் முதல் நாளே ஊர் கொந்தளித்திருக்கும். ஏழை செத்தால் அது செய்தியாவதற்கு ஒன்பது பேர் சாக வேண்டியிருக்கிறது. செத்தவர்களில் அநேகருடைய பேர் இன்று யாருக்கும் தெரியாது. கொன்றவன் பேர் சினிமா வரைக்கும் போய்விட்டது. 2016-ல் அவன் பேரை வைத்தே ஒரு இந்திப் படம் வந்தது.

அந்த நாட்களில் அந்தப் பகுதியில் சந்தேகப்படும்படி சுற்றித் திரிந்த ஒருவனைப் போலீஸார் பிடித்தார்கள். அது ராமன் ராகவ்தான். ஏற்கெனவே பதிவேட்டில் பேர் உள்ளவன். விசாரித்தார்கள். ஆனால் அவன்தான் செய்தான் என்று காட்ட உறுதியான சாட்சி இல்லை. சாட்சி இல்லாமல் ஒருவனை அடைத்து வைக்கச் சட்டம் இடம் கொடுக்காது. ஆகவே விட்டுவிட்டார்கள்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். அவர்களைக் குற்றம் சொல்ல நான் இதை எழுதவில்லை. குற்றம் செய்தானா என்று விசாரிக்கிறது அவர்கள் வேலை, அதைச் செய்தார்கள். இவனுக்கு என்ன ஆகிறது, இவன் காதில் யார் பேசுகிறார்கள், இவன் எதைக் கண்டு பயப்படுகிறான் என்று விசாரிக்க அந்த மனுஷனுக்கு ஒருத்தரும் இல்லை. விசாரிப்பது என்ற சொல்லுக்கு நம்ம பாஷையில் இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று ஸ்டேஷனில் நடக்கிறது. மற்றது நோயாளி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்கிறது. இவனுக்கு முதலாவது மாத்திரமே கிடைத்தது.

1968

இரண்டு வருஷம் கழித்து, 1968-ல், அவன் பூனாவிலிருந்து திரும்பி வந்தான். புறநகருக்கு வெளியே காட்டில் தங்கினான். மறுபடியும் கொலைகள். மறுபடியும் குடிசைகள், நடைபாதைகள், தூங்கிக் கொண்டிருந்த ஏழைகள். இந்த முறை நகரமே பீதியில் மூழ்கியது. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் தெருக்கள் வெறிச்சோடின. வாலிபர்கள் தடியோடு காவல் நின்றார்கள். பேர் ஊர் தெரியாத பரதேசிகளும் பிச்சைக்காரர்களும் சந்தேகத்தின் பேரில் கும்பலிடம் அடி வாங்கினார்கள். ஒரு பொல்லாங்கைப் பார்த்துப் பயந்த ஜனம், இன்னொரு பொல்லாங்கைச் செய்தது.

குற்றப் பிரிவு துணை கமிஷனராக இருந்த ராமகாந்த் குல்கர்ணி இந்த வழக்கைக் கையில் எடுத்தார். பழைய பதிவேடுகளைப் புரட்டினார்கள். முன்பு பிடித்து விட்டவனுடைய படமும் அடையாளமும் அதிகாரிகள் கைக்குப் போனது. 1968 ஆகஸ்ட் 27-ஆம் தேதி அலெக்ஸ் ஃபியால்ஹோ என்ற சப்-இன்ஸ்பெக்டர் அந்த அடையாளத்தை வைத்து அவனைக் கண்டுகொண்டார். துப்பாக்கிச் சூடும் இல்லை, துரத்தலும் இல்லை. ஒரு அதிகாரி தன் வேலையைக் கவனமாகச் செய்தார், முகத்தை ஞாபகம் வைத்திருந்தார், சாட்சிகளை வைத்துச் சோதனை போட்டார். அவ்வளவுதான். கேட்டதற்கு ராமன் ராகவ் என்று பேர் சொன்னான். பழைய பதிவுகளை ஒப்பிட்டபோதுதான் தல்வாயும் அண்ணாவும் தம்பியும் வேலுசாமியும் ஒரே ஆள் என்று தெரிந்தது.

அவனிடம் இருந்த பொருட்களின் பட்டியலைப் படித்தபோது நான் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒரு மூக்குக்கண்ணாடி. இரண்டு சீப்பு. ஒரு கத்தரிக்கோல். ஊதுபத்தி கொளுத்தி வைக்கிற ஒரு தாங்கி. சோப்பு. பூண்டு. கொஞ்சம் தேயிலைத்தூள். ஏதோ கணக்குகள் எழுதின இரண்டு காகிதம். இவ்வளவுதான் அவனுடைய ஆஸ்தி. போட்டிருந்த சட்டையிலும் காக்கி அரைக்கால் சட்டையிலும் ரத்தக்கறை. காலணி முழுக்கச் சேறு. சீப்பும் சோப்பும் வைத்திருந்தவனும் அவன்தான், ரத்தக்கறையோடு நடந்தவனும் அவன்தான். வீடில்லாத ஒருவன் ஊதுபத்தி கொளுத்தி யாரைக் கும்பிட்டான் என்று நான் யோசித்துப் பார்த்தேன். விடை கிடைக்கவில்லை.

மலாடு பக்கத்தில் சிஞ்ச்வலி என்ற இடத்தில் இரண்டு பேரைக் கொன்ற வழக்கில் அவன்மேல் கொலைக் குற்றம் பதிவானது. ஸ்டேஷனில் அவன் வாயைத் திறக்கவில்லை. நாட்கணக்கில் மௌனம். கடைசியில் அவன் ஆசைப்பட்டுக் கேட்ட கோழிக்கறியைப் போலீஸார் வாங்கிக் கொடுத்தார்கள். சாப்பிட்டான். அதற்குப் பிறகு பேச ஆரம்பித்தான். என்ன ஆயுதம், எப்படிச் செய்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னான். மாஜிஸ்திரேட் முன்பாக வாக்குமூலம் கொடுத்தான். 1966-ல் அந்த ரயில் பாதையை ஒட்டி 23 பேரையும், 1968-ல் புறநகரில் ஏறக்குறைய ஒரு டஜன் பேரையும் கொன்றதாக ஒத்துக்கொண்டான். உண்மையான கணக்கு இன்னும் அதிகமாயிருக்கும் என்பது பலருடைய எண்ணம். ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு தாய், ஒரு மனைவி, ஒரு பிள்ளை ஊரில் காத்திருந்திருப்பார்கள். மணியார்டர் வராமல் நின்றபோதுதான் சில வீடுகளில் விஷயமே தெரிந்திருக்கும். அவர்களை நாம் மறக்கக் கூடாது.

நீதிமன்றத்தில்

1969 ஜூன் மாதம் செஷன்ஸ் கோர்ட்டில் விசாரணை ஆரம்பித்தது. அவனுக்காக வாதாடின வக்கீல், இவன் புத்தி சுவாதீனம் இல்லாதவன், தன் கட்சியைச் சொல்லிக்கொள்ள முடியாதவன், கொலை செய்யும்போதும் இப்படித்தான் இருந்தான் என்று மனு போட்டார். அவனைப் போலீஸ் சர்ஜனிடம் அனுப்பினார்கள். அவர் ஜூன் 28 முதல் ஜூலை 23 வரை அவனைக் கவனித்துப் பார்த்துவிட்டு, மனநோய் இல்லை, ஞாபக சக்தி நன்றாயிருக்கிறது என்றார். நாயர் ஆஸ்பத்திரியின் மனநல டாக்டரோ, இது நெடுநாளாய் முற்றிப்போன மனச்சிதைவு நோய், தான் செய்வது சட்டத்துக்கு விரோதம் என்று இவனுக்கு விளங்கவில்லை என்று சாட்சி சொன்னார். படித்த இரண்டு பேர், ஒரே ஆளைப் பார்த்து, இரண்டு விதமாகச் சொன்னார்கள்.

கோர்ட் அவனைக் குற்றவாளி என்று தீர்த்து மரண தண்டனை விதித்தது. அப்பீல் செய்ய அவன் விரும்பவில்லை. தூக்குக் கயிறு முன்னால் நிற்கையில் சாதாரண மனுஷன் கையெடுத்துக் கும்பிடுவான், காலில் விழுவான். இவனுக்கோ அது தன்னைப் பற்றின காரியமாகவே படவில்லை.

ஆனால் செஷன்ஸ் கோர்ட் கொடுக்கிற மரண தண்டனையை ஹைகோர்ட் உறுதி செய்தாக வேண்டும். பம்பாய் ஹைகோர்ட் அவசரப்படவில்லை. மூன்று மனநல நிபுணர்கள் அடங்கின குழு ஒன்றை ஏற்படுத்தி அவனைப் பரிசோதிக்க உத்தரவிட்டது. அவர்கள் ஐந்து தடவை போய், ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் அவனோடு உட்கார்ந்து பேசினார்கள். கணக்குப் பாருங்க, மொத்தம் பத்து மணி நேரம். நாற்பது வயசு மனுஷனிடம் அவனுடைய உள்ளத்தைப் பற்றி யாராவது அவ்வளவு நேரம் உட்கார்ந்து கேட்டது, அதுதான் முதல் தடவையாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அப்போது வெளியே வந்தது பயங்கரமான ஒரு உலகம். அவன் கணக்கில் உலகம் இரண்டு. நாம் வாழ்கிற இந்தப் பொல்லாத உலகம் ஒன்று. கானூனுடைய உலகம் மற்றொன்று. இந்தியில் கானூன் என்றால் சட்டம். சட்டத்தையெல்லாம் மிதித்தவன், தன்னைச் சட்டத்தின் பிரதிநிதி என்று நம்பினான். தானே சக்தி என்று நம்பினான். தன்னை ஆணிலிருந்து பெண்ணாக மாற்ற ஜனங்கள் சதி செய்கிறார்கள் என்று நம்பினான். அக்பர் சர்க்கார், பிரிட்டிஷ் சர்க்கார், காங்கிரஸ் சர்க்கார் மூன்றும் சேர்ந்து தன்னைத் துன்புறுத்துகின்றன என்று நம்பினான். அக்பர் செத்து முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. இவனுக்கோ அந்த சர்க்கார் ஒவ்வொரு நாளும் பின்தொடர்ந்து வந்தது.

கடைசிச் சந்திப்பு முடிந்து டாக்டர்கள் விடைபெறும்போது கை குலுக்கக் கையை நீட்டினார்கள். அவன் கை கொடுக்கவில்லை. கானூனுடைய பிரதிநிதியான தான் இந்தப் பொல்லாத உலகத்து ஜனங்களைத் தொடக் கூடாது என்று விலகிக்கொண்டான். வாழ்நாள் முழுவதும் கை நீட்டாத உலகம் ஒருநாள் நீட்டியது. வாங்கிக்கொள்ள முடியாத இடத்துக்கு அவன் அதற்குள் போயிருந்தான்.

குழுவின் தீர்ப்பு, இவன் தீராத மனச்சிதைவு நோயாளி என்பது. மரண தண்டனை பிற்பாடு ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. எரவாடா சிறையில் வைத்து, பூனாவிலேயே மனநல வைத்தியமும் பார்த்தார்கள். 1995-ஆம் ஆண்டு பூனா சசூன் ஆஸ்பத்திரியில் சிறுநீரகக் கோளாறினால் அவன் இறந்தான். அண்ணா என்றும் தம்பி என்றும் பேர் வாங்கினவனுக்கு, கடைசி நேரத்தில் கூடப்பிறந்தவன் என்று சொல்லிக்கொண்டு யாரும் வந்ததாக நான் எங்கேயும் வாசித்ததில்லை.

என் பாவ அறிக்கை

இனி காரணத்தைச் சொல்லுகிறேன்.

எங்கள் சபையில் ஒரு தம்பி இருந்தான். கோரஸ் பாடுகிறதில் முன்னால் நிற்பவன். இருபத்திரண்டாம் வயசில் மாறினான். தூக்கம் இல்லை, குளிப்பு இல்லை. அடுத்த வீட்டார் சுவருக்குள் மிஷின் வைத்துத் தன் நினைவுகளை எடுக்கிறார்கள் என்றான். காதில் குரல் கேட்கிறது என்றான். அவன் அம்மா அழுதுகொண்டே என்னிடம் கூட்டி வந்தார்கள். அதற்குள் ஒரு டாக்டரிடமும் காட்டியிருந்தார்கள், அவர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்.

நான் வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ படித்தவன். அசுத்த ஆவியைப் பற்றிக் குறிப்பெடுத்துப் பரீட்சை எழுதினவன். பையனைப் பார்த்த உடனே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். மூன்று நாள் உபவாசம் அறிவித்தேன். தலையில் கை வைத்து உரத்த சத்தமாய் ஜெபித்தோம். அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மாத்திரையை நிறுத்துங்கள் அம்மா, அது விசுவாசக் குறைச்சல் என்று நானே சொன்னேன். அந்தத் தாய் போதகர் வார்த்தையை தேவனுடைய வார்த்தையாக எடுத்துக்கொண்டார்கள்.

ஆறு வாரம் கழித்து ஒரு ராத்திரி பையன் வீட்டை விட்டுப் போய்விட்டான். மூன்று நாள் தேடினோம். நாற்பது மைலுக்கு அப்பால் ஒரு ரயில் நிலையத்தில் கிடந்தான். திருடன் என்று நினைத்து யாரோ கட்டி வைத்து அடித்திருந்தார்கள். முகம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் பயந்து பின்னால் நகர்ந்தான். நான் கையை நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

ராமன் ராகவ் டாக்டர்களுடைய கையைத் தொட மறுத்த இடத்தை இந்த வருஷம் வாசித்தபோது, எனக்கு அந்த பிளாட்பாரம் கண்முன் வந்து நின்றது. அன்றைக்கு ராத்திரி முழங்காலில் நின்று நான் அழுதது, கொலைகாரனுக்காக அல்ல, எனக்காக.

அந்தத் தம்பியை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இந்த முறை நானே கூடப் போனேன். வெளி நோயாளிகள் வரிசையில் அவனோடு உட்கார்ந்தேன். டாக்டர் என்னைத் திட்டவில்லை. இந்த வியாதிக்கு 1950களிலிருந்தே மருந்து உண்டு, ஆரம்பத்திலேயே கொடுத்தால் நல்ல பலன் உண்டு, நடுவில் நிறுத்தினால் வியாதி திரும்ப வரும் என்று மட்டும் விளக்கிச் சொன்னார். எட்டு மாதத்தில் பையன் தேறினான். இன்றைக்கு ஒரு அச்சகத்தில் வேலை செய்கிறான். ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கோரஸ் பாடுகிறான். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை போடுகிறான். அவனும் அவன் அம்மாவும் சம்மதம் கொடுத்ததினாலேதான் இதை எழுதுகிறேன்.

ஒரு காரியத்தைத் தப்பாகப் புரிந்துகொள்ளாதீர்கள். இந்த வியாதி உள்ளவர்கள் எல்லாரும் ராமன் ராகவ் ஆவதில்லை. மிகப் பெரும்பாலானவர்கள் ஒரு எறும்புக்கும் தீங்கு செய்யாதவர்கள். அடி கொடுக்கிறவர்களைவிட அடி வாங்குகிறவர்களே இவர்களில் அதிகம், எங்கள் தம்பி வாங்கின மாதிரி. வியாதி இருந்ததினாலே அந்தக் கொலைகள் சின்னக் காரியமாகிவிட்டது என்றும் நான் சொல்ல வரவில்லை. செத்தவர்களுடைய ரத்தம் ஆபேலின் ரத்தத்தைப் போலத்தான். தப்பு தப்புதான். ஆனால் 1966-ல் பிடித்து விட்ட அந்த ஆளை யாராவது ஒரு டாக்டர் முன்னால் உட்கார வைத்திருந்தால், 1968-ல் செத்தவர்கள் பிழைத்திருப்பார்களோ என்ற கேள்வி என்னைத் தூங்க விடுவதில்லை.

அசுத்த ஆவிகளைத் துரத்துகிற ஆண்டவரை நான் இன்றும் விசுவாசிக்கிறேன், பிரசங்கிக்கிறேன். கதரேனர் நாட்டுக் கல்லறைகளில் திரிந்த மனுஷனை நினைத்துப் பாருங்கள். ஊரார் அவனுக்குச் செய்தது என்ன? சங்கிலி போட்டார்கள். இயேசுவோ அவனைப் பார்த்துப் பேர் கேட்டார். ஊரே விலகின ஒருவனிடம் நின்று பேசினார். முடிவில் அவன் வஸ்திரம் தரித்து, புத்தி தெளிந்து உட்கார்ந்திருந்தான். அந்த அற்புதத்தை எழுதி வைத்தவர்களில் ஒருவனான லூக்கா ஒரு வைத்தியன் என்பதையும் மறந்துபோகாதீர்கள். வைத்தியனைத் தன்கூடவே வைத்துக்கொண்டு ஊழியம் செய்த பவுல் விசுவாசத்தில் குறைந்தவரா?

நம்முடைய சபைகளுக்கு

ஊழியக்காரர்களுக்கும் விசுவாசிகளுக்கும் ஒரு சில வார்த்தைகள். பெரியவனாக நின்று சொல்லவில்லை, அடிபட்டவனாகச் சொல்லுகிறேன்.

டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தும்படி ஒருபோதும் யாரிடமும் சொல்லாதீர்கள். ஜெபம் பண்ணுங்கள், உபவாசம் இருங்கள், மாத்திரை டப்பாவையும் எடுத்துக் கொடுங்கள். ஒன்றுக்கு ஒன்று விரோதம் இல்லை.

குரல் கேட்கிறது, யாரோ துரத்துகிறார்கள் என்று சொல்லுகிறவனை அடிக்காதீர்கள், கட்டாதீர்கள், பட்டினி போடாதீர்கள். சபையார் முன்னால் நிறுத்தி சாட்சிப் பொருளாக்காதீர்கள். சீக்கிரமாய், வியாதி முற்றும் முன்பே, மாவட்ட அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 14416 என்ற எண்ணுக்கு போன் பண்ணுங்கள். 2022 முதல் அரசாங்கம் நடத்துகிற இலவச மனநல உதவி அது. தமிழிலேயே பேசலாம்.

அந்த வீட்டாரை விசாரியுங்கள். வெட்கத்தினாலே அவர்கள் சபைக்கு வருவதை நிறுத்தியிருப்பார்கள். ஒரு பாத்திரம் குழம்பு கொண்டு போய்க் கொடுங்கள். போலீஸார் கொடுத்த ஒரு தட்டு கோழிக்கறி, பூட்டிக் கிடந்த ஒரு வாயைத் திறந்தது. அன்போடு கொடுக்கிற சாப்பாடு எத்தனை வாயைத் திறக்கும்!

ஸ்டேஷனிலும் பஸ் நிலையத்திலும் சடை விழுந்த தலையோடு, தனக்குத்தானே பேசிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கிறோம். பைத்தியம் என்று சொல்லி ஒதுங்குகிறோம். அவர்களும் ஒரு காலத்தில் யாருக்கோ அண்ணாவாக, யாருக்கோ தம்பியாக இருந்தவர்கள். பேரைக் கேளுங்கள்.

என் பெரியப்பா இப்போது இல்லை. கடைசியாக அவரோடு பேசினபோது, அன்றைக்கு தடியோடு முழித்திருந்த ராத்திரிகளில் கொலைகாரன் எதிரே வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். அடித்துக் கொன்றிருப்போம் என்றார். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, அதுக்கு முந்தி என்னைக்காவது அவன் நம்ம குடிசை வாசல்ல வந்து சோறு கேட்டிருந்தாலும் அடிச்சுத்தான் துரத்தியிருப்போம் என்றார். அந்த இரண்டாவது வார்த்தைதான் என்னை இன்னும் குத்துகிறது.

அன்பானவர்களே, எழுப்புதல் வேண்டும் என்று இராமுழுதும் ஜெபிக்கிறோம். அது நம்ம ஊர் பஸ் நிலையத்தில் படுத்துக் கிடக்கிற மனுஷனிடத்தில் ஆரம்பமாகட்டும். இந்த மாதம் நீங்கள் ஜெபிக்கும்போது மூன்று பேரை நினைத்துக்கொள்ளுங்கள். பம்பாய் நடைபாதைகளில் தூக்கத்திலேயே மரித்த பேர் தெரியாத ஏழைகளின் வம்சத்தார். மனநோயோடு போராடுகிற பிள்ளையை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு யாரிடமும் சொல்ல முடியாமல் இருக்கிற ஒரு தாய். அந்தத் தாய்க்கு ஆலோசனை சொல்லப் போகிற ஒரு போதகர். அவர் என்னைப் போலத் தவறாதபடி ஜெபியுங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் சகோதரனும் உடன் ஊழியனுமாகிய
சபை போதகர்